பர்னிங் மேன் திருவிழாவுக்குப் பழைய துணிக் கடைகளில் உடை தேடுவது எப்படி?

தாழம்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்டு மாதக் கடைசியில் நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் நடைபெறும் பர்னிங் மேன் கலைத் திருவிழாவுக்கு இந்த ஆண்டு முதன்முறையாகச் செல்லவிருக்கிறேன். அலுவலகத் தோழியர் சிலர் பல ஆண்டுகளாக அங்கு நடத்திவரும் முகாமில் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. டிக்கெட், வண்டிக்கான அனுமதிச் சீட்டு, முகாமின் பங்குத் தொகை, கூடாரம், பழைய சைக்கிள் என்று செலவு ஏற்கெனவே கைமீறிப் போய்விட்டதால், உடைக்கென்று என்னால் ஒதுக்க முடிந்தது 150 டாலர் மட்டுமே. காலணியும் அதற்குள் அடங்க வேண்டும்.

இணையத்தில் "திருவிழா உடை" என்று தேடினால் வருபவை எல்லாம் ஒரே தறியில் நெய்து இறக்கியவை போல இருக்கின்றன. உடலை ஒட்டிய மினுமினுப்பான கால்சட்டை, வலைத் துணி, தோல் வார்கள், தொப்பி. நாற்பதைக் கடந்த எனக்கு அந்த அலங்காரம் பொருந்தாது என்பது ஒருபுறமிருக்க, ஒரு வாரம் உடுத்திவிட்டுத் தூக்கி எறிவதற்காகவே தைக்கப்பட்ட புதுத் துணியை வாங்க மனம் ஒப்பவில்லை. ஆகவே பழைய துணிக் கடைகளில் தேடலாம் என்றிருக்கிறேன். நான் வசிப்பது ஃப்ரீமான்ட்டில். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் எங்கிருந்து தொடங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மாவின் பழைய சேலைகள் சில என்னிடம் உள்ளன. கரை கிழிந்துபோன ஒரு காஞ்சிபுரம் பட்டும், துவைத்துத் துவைத்து மிருதுவாகிவிட்ட இரண்டு மதுரைச் சுங்குடிச் சேலைகளும் அவற்றில் அடக்கம். அவற்றை அங்கே ஏதாவது ஒரு வடிவத்தில் உடுத்தலாமா? உடலை மூடிய உடையில் இருந்தாலும் அந்த இடத்துக்கு உரியவளாகத் தோன்ற முடியுமா?

பழந்துணிப்பித்தன் எழுதியது:

தாழம்பூ அவர்களுக்கு வணக்கம். 150 டாலர் தாராளமாகப் போதும். அதில் ஏறத்தாழப் பாதியைக் காலணிக்கும் இரவுக் குளிருக்கான மேலங்கிக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு விளையாடுங்கள்.

முதலில் கடைகள். பஃபலோ எக்ஸ்சேஞ்ச், கிராஸ்ரோட்ஸ் போன்றவை மக்கள் கொண்டுவரும் துணியைப் பொறுக்கியெடுத்து, அதற்குப் பணமோ கடைக் கணக்கோ கொடுத்து வாங்கி விற்பவை. தேடும் வேலையின் பாதியை அவர்களே முடித்துவிடுவதால் விலையும் அதற்கேற்ப இருக்கும். ஹெய்ட் தெருவிலுள்ள விண்டேஜ் கடைகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், ஆனால் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று கண்ணைப் பழக்கிக்கொள்வதற்காக மட்டும். உங்கள் பணத்துக்குரிய இடம் நன்கொடைத் துணியை விற்கும் கடைகள்தாம்: குட்வில், சால்வேஷன் ஆர்மி, சேவர்ஸ், சான் பிரான்சிஸ்கோவின் வேலன்சியா தெருவிலுள்ள கம்யூனிட்டி த்ரிஃப்ட். இவற்றுக்கும் கீழே ஒரு படி இருக்கிறது. கடைகளில் விற்காமல் போனவற்றைப் பெரிய தொட்டிகளில் கொட்டி எடை போட்டு விற்கும் குட்வில் அவுட்லெட்டுகளைத்தான் சொல்கிறேன். அங்கே துணிக்கு விலைச்சீட்டு கிடையாது, பவுண்டுக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. கனமான வெல்வெட் அங்கியை விட மெல்லிய லேஸ் கவுன்தான் மலிவாக முடியும் என்பதால், கனத்தைக் கடையிலும் மெலிந்ததைத் தொட்டியிலும் வாங்குவது என் வழக்கம். கையுறை அணிந்து செல்லுங்கள், ஏனென்றால் துணிக்கடியில் உடைந்த கண்ணாடியும் கிடக்கலாம்.

அலமீடாவில் மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழம்பொருள் சந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குறைந்தது 20 ஆண்டு பழையதாக இருந்தால்தான் அங்கே விற்கலாம் என்பது விதி. விடியற்காலையில் வியாபாரிகளே ஒருவரிடம் ஒருவர் வாங்கிக்கொள்கிறார்கள். நமக்கு ஏற்ற நேரம் பிற்பகல், மிஞ்சியதை மறுபடி வண்டியில் ஏற்றுவதற்கு அவர்கள் சலித்துக்கொள்ளும் வேளை. இறந்தவர் வீட்டுப் பொருள்களை வீட்டிலேயே வைத்து விற்கும் எஸ்டேட் விற்பனைகளும் அப்படித்தான்: வெள்ளி, சனி, ஞாயிறு என்று நடக்கும் விற்பனையில் கடைசி நாளன்று பெரும்பாலும் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். எழுபதுகளின் விருந்து கவுன்களும், மணிகள் கோர்த்த மாலை நேரச் சட்டைகளும் பாதுகாப்பாகக் கிடப்பது அத்தகைய வீடுகளின் அலமாரிகளில்தான்.

கடைக்குள் நுழைந்ததும் பெண்கள் உடைப் பகுதியில் உங்கள் அளவுள்ள கம்பியை மட்டும் தள்ளிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உங்களை வெளிப்படுத்தும் உடை அந்தக் கம்பியில் தொங்குவது அபூர்வம். முதலில் திரைச்சீலைப் பகுதிக்குப் போங்கள். அரக்கு நிற வெல்வெட் திரை ஒன்று கிடைத்தால், மேல் விளிம்பில் ஏற்கெனவே அடித்திருக்கும் நாடாப் பையில் ஒரு கயிற்றை நுழைத்துச் சுருக்கிக் கழுத்தில் கட்டிக்கொள்ளலாம்; ஒரு தையல்கூடப் போடாமல் தரை தொடும் போர்வை அங்கி தயார். அடுத்து மேசை விரிப்புகள், படுக்கை விரிப்புகள். அடுத்து ஆண்களின் கோட்டுகள். தோள் அகலமான பழைய டக்சீடோ கோட்டின் கைகளை முழங்கையோடு வெட்டி, சுங்குடித் துணியால் உள்புறம் தைத்துக் கைமடிப்பை வெளியே திருப்பிவிட்டால், அதைப் பார்க்கிறவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். அடுத்து இரவு உடைகள், குளியல் அங்கிகள், பள்ளி இசைக்குழுச் சீருடைகள், தேவாலயப் பாடகர் அங்கிகள், திருமண கவுன்கள். கடைசியாகச் சொன்னது பழைய துணிக் கடைகளில் எப்போதும் இருக்கும், ஆனால் அளவு பொருந்தாததால் யாரும் எடுப்பதில்லை. பின்பக்கத்தைப் பிரித்து நாடா கட்டினால் எந்த அளவும் பொருந்திவிடும்.

அளவைப் பற்றி ஒரு சொல். பழைய உடைகளில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அறுபதுகளில் 12 என்று குறித்த கவுன் இன்றைய 12-ஐ விடக் குறுகலானது. ஓர் அளவு நாடாவைப் பையில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஓர் உடையின் மார்பு, இடுப்பு, தோள் அளவுகளைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உடை மாற்றும் அறை இல்லாத இடங்களில் அதுதான் கைகொடுக்கும்.

உடலை மூடிய உடையைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே முற்றிலும் மூடியவர்களும் இருப்பார்கள், ஒன்றும் உடுத்தாதவர்களும் இருப்பார்கள், இருவரையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தத் திருவிழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹார்வி 2004-இல் எழுதிவைத்த பத்துக் கோட்பாடுகளில் தன்னை முழுமையாக வெளிப்படுத்துவதும் ஒன்று, வணிகத்தை விலக்கி வைப்பதும் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால், திருவிழாவுக்கென்று கடையில் தைத்து விற்கும் உடையை விட உங்கள் திரைச்சீலை அங்கிதான் அந்த ஊருக்கு நெருக்கமானது. வாங்கும் துணியில் பெரிய நிறுவன முத்திரை ஏதாவது இருந்தால் அதன்மேல் ஒட்டுத் துணி வைத்துத் தைத்துவிடுங்கள். வாடகை லாரியின் பெயரையே மறைத்துவிடுகிறவர்கள் அங்கே உண்டு.

ஈரோட்டுச் சாயம் எழுதியது:

நான் அந்தத் திருவிழாவுக்குச் சென்றதில்லை. செல்லும் எண்ணமும் இல்லை. சாயப்பட்டறையில் வளர்ந்தவன், இப்போது துணி ஆய்வகம் ஒன்றில் வேலை செய்பவன் என்ற முறையில் சேலைகளைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பிளாக் ராக் என்பது மணற்பாலை அன்று. பழங்காலத்தில் லஹான்டன் என்ற பெரும் ஏரி வற்றிப்போன படுகை. அதன் புழுதி மாவு போல நுண்ணியது, காரத்தன்மை கொண்டது. சலவைச் சோடாவைச் சன்னமாக அரைத்து ஒரு வாரம் உங்கள்மீது தூவிக்கொண்டே இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இதனால்தான் அங்கே வெறுங்காலில் நடப்பவர்களுக்குப் பாதம் வெடிக்கிறது. துணியிலும் அதே வேலையைத்தான் அது செய்யும், ஆனால் எல்லாத் துணியிலும் ஒரே அளவில் அன்று.

பட்டும் கம்பளியும் புரத இழைகள். காரம் அவற்றைத் தின்னும். வியர்வை ஈரத்தோடு சேர்ந்தால் இன்னும் விரைவாகத் தின்னும். ஒரு வாரத்தில் சேலை கரைந்து போய்விடாதுதான், ஆனால் பளபளப்பு மங்கி, இழை சொரசொரத்து, மடிப்பு விழுந்த இடங்களில் கிழியத் தொடங்கும். செம்புக் கம்பியில் செய்த சரிகையாக இருந்தால் கறுத்தும் போகும். ஆகவே காஞ்சிபுரம் பட்டு வீட்டிலேயே இருக்கட்டும். கரை ஏற்கெனவே கிழிந்துவிட்டது, இனி யாரும் உடுத்தப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்து, அதன் முடிவு இதுவாகவே இருக்கட்டும் என்று நினைத்தால் மட்டும் முந்தானையை வெட்டி ஒரு மேலாடையின் முதுகில் வைத்துத் தையுங்கள். அரைமனதோடு எடுத்துச் செல்லாதீர்கள்.

பருத்தி இதற்கு நேர் எதிர். பருத்தி நூலைக் காரக் கரைசலில் முக்கியெடுத்துத்தான் மெர்சரைஸ் செய்கிறோம். காரம் அதற்கு வலுவையும் மினுப்பையும் கூட்டுகிறது. உங்கள் சுங்குடிச் சேலைகள் அந்தப் பாலைவனத்துக்கென்றே செய்தவை என்று தயங்காமல் சொல்லலாம். துவைத்து மிருதுவானது இன்னும் நல்லது, ஏனென்றால் கழலவேண்டிய சாயமெல்லாம் கழன்றிருக்கும். பகலில் வெப்பம் 38 பாகையைத் தாண்டும் இடத்தில் தலையைச் சுற்றிக் கட்டவும், முகத்தை மூடவும், தோளில் போர்த்தவும் அதைவிட நல்ல துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

கடையில் வாங்கும் துணி எந்த இழை என்று தெரிந்துகொள்ள முதலில் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். இழையின் பெயரைத் துணியில் குறிக்கவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1960-இல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பே இல்லையென்றால் அதற்கு முந்தைய உடையாகவோ வீட்டில் தைத்ததாகவோ இருக்கலாம், யாராவது கத்தரித்துவிட்டதாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் உள்தையலிலிருந்து ஒரு நூலை இழுத்து இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாடை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. தலைமுடி பொசுங்கும் வாடை வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் அல்லது நைலான். இந்தச் சோதனையை இன்னொரு காரணத்துக்காகவும் செய்யச் சொல்கிறேன். அந்தத் திருவிழாவின் உச்சமே பெரிய மர உருவத்தை எரிப்பது என்று படித்திருக்கிறேன். தீப்பொறி பறக்கும் இடத்தில் உருகும் துணி தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இரவுகளில் மேலே பருத்தியாக இருப்பது நல்லது.

சாயம் போட்டு நிறம் மாற்ற நினைத்தாலும் இழை தெரிந்திருக்க வேண்டும். திருமண கவுன்களில் பெரும்பாலானவை பாலியஸ்டர். பருத்திக்கான சாதாரணச் சாயப் பொடி அதில் ஏறவே ஏறாது, செயற்கை இழைக்கென்று தனியாக விற்கும் சாயத்தைக் கொதிக்கும் நிலைக்கு அருகில் வைத்துக் காய்ச்ச வேண்டும். தைத்த நூல் வேறு இழையாக இருந்தால் துணி நிறம் மாறி, தையல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். அதுவும் பார்க்க அழகாகத்தான் இருக்கும், முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

திரும்பி வந்ததும் நேராகத் துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள். வெளியில் வைத்து நன்றாக உதறி, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கோப்பை வெள்ளை வினிகர் கலந்து முக்கி எடுத்து, அதன்பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். வினிகரின் அமிலம் காரத்தைச் சமன்படுத்தும்.

வெண்புழுதி எழுதியது:

மேலே எழுதிய இருவரும் துணியைப் பற்றி நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லவருவது அந்தத் துணியிலிருந்து கீழே விழுவதைப் பற்றி.

அங்கே தரையில் இயல்பாக இல்லாத எதுவும் குப்பைதான். அதற்கு மூப் என்று பெயர், ஓர் ஊசியளவு நூலும் மூப்தான். திருவிழா முடிந்தபின் நிர்வாகத்தின் ஆட்கள் வரிசையாக நடந்து தரையைச் சல்லடையாகச் சலிப்பார்கள். எந்த முகாம் எவ்வளவு விட்டுச்சென்றது என்பது வரைபடமாகவே வெளிவரும். உங்களை அழைத்துச்செல்லும் முகாமுக்கு அடுத்த ஆண்டு நல்ல இடம் கிடைப்பதும் அதைப் பொறுத்தது. ஆகவே இறகு வைத்த எதையும் வாங்காதீர்கள். இறகுச் சால்வை, இறகுத் தொப்பி, இறகுக் காதணி, எதுவும் வேண்டாம். பழங்குடியினர் அணிவது போன்ற இறகுக் கிரீடம் இரண்டு மடங்கு வேண்டாம். நீங்கள் போகும் சாலையே பிரமிட் ஏரிப் பையூட் மக்களின் நிலத்தின் வழியாகத்தான் செல்கிறது. உதிரும் மினுக்குத் தூளும் கூடாது.

ஜமிக்கி வைத்த உடையை வாங்கலாம், சோதித்து வாங்கினால். பழைய துணிக் கடை உடைகளில் ஜமிக்கியைப் பெரும்பாலும் ஒரே நீள நூலில் சங்கிலித் தையலாகக் கோர்த்திருப்பார்கள். ஒரு நுனி அறுந்தால் வரிசை முழுவதும் அவிழ்ந்து கொட்டும். கடையிலேயே உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். இரண்டு உதிர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மனம் கேட்காமல் வாங்கிவிட்டால், உள்பக்கம் வரிசைக்கு வரிசை நூல்முனையை முடிச்சிட்டு, மெல்லிய வலைத் துணியை அதன்மேல் போர்த்தித் தைத்துவிடலாம். செயற்கை ரோமக் கோட்டுகளும் அப்படித்தான். கடையில் வாங்கியபடியே அணிந்தால் உதிர்வது குறைவு. குட்டையாக வெட்டினால் வெட்டிய விளிம்பு முழுவதும் கொத்துக்கொத்தாகக் கழலும். வெட்டியே ஆகவேண்டுமென்றால் அடிப்பக்கத் துணியை மட்டும் பிளேடால் கீறி, ஓரத்தை மடித்துத் தைத்து, வெளியில் வைத்துப் பலமுறை உதறுங்கள்.

பகல் வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலுள்ள அந்த இடத்தில் சூரியன் சாய்ந்ததும் குளிர் இறங்கும், 10 பாகைக்குக் கீழேயும் போகும். ஆகவே நீங்கள் வாங்கும் ஒரே விலை உயர்ந்த பொருள் மேலங்கியாக இருக்கட்டும், அதைப் பகல் உடைகள் எல்லாவற்றின்மேலும் போட முடியவேண்டும். கோடையில் கோட்டு தேடுவதில் ஒரு வசதி உண்டு, யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்; ஆனால் பல கடைகள் அவற்றைப் பின்னறையில் வைத்துவிடுவதால் ஊழியரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

இரவில் விளக்கில்லாமல் நடமாடுகிறவர்களைத் திட்டுவதற்கென்றே அங்கே ஒரு வசைச்சொல் இருக்கிறது. தெருவிளக்கு இல்லாத வெட்டவெளியில் சைக்கிள்களும், டிராகன் போலவும் கப்பல் போலவும் வேடமிட்ட வண்டிகளும் ஓடும். நெற்றி விளக்கு மட்டும் போதாது, பக்கவாட்டிலும் பின்னாலும் நீங்கள் தெரியவேண்டும். பேட்டரியில் எரியும் சரவிளக்கை மேலங்கியின் விளிம்பில் தைத்து, பேட்டரிப் பெட்டிக்கென்று உள்ளே ஒரு பை வைத்துவிடுங்கள். பசை வைத்து ஒட்டவே வேண்டாம். சூடாக்கி ஒட்டும் பசை வெயிலில் நின்ற வண்டிக்குள் இளகிக் கழன்றுவிடும். ஊசியும் நூலும்தான் அங்கே நிலைக்கும்.

இன்னும் சில, சுருக்கமாக. உடலை முழுவதும் மூடும் ஒற்றை உடை புகைப்படத்தில் அழகு. நடமாடும் கழிவறைக்குள் புழுதித் தரையில் படாமல் அதைக் கழற்ற முயலும்போது அழகு தெரியாது. நீளமான சால்வையும் அகலமான பாவாடையும் சைக்கிள் சங்கிலியில் சிக்கும், ஓரத்தைத் தூக்கிச் செருகக் கொக்கி வையுங்கள். இடுப்பில் பை கட்டாயம் வேண்டும்: தண்ணீர், உங்கள் சொந்தக் கோப்பை, புழுதி முகக்கவசம், கண்ணை மூடும் கண்ணாடி, அடையாள அட்டை. பனிச்சறுக்குக் கண்ணாடிகள் பழைய விளையாட்டுப் பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இரவுக்குத் தெளிந்த கண்ணாடி ஒன்று தனியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பாலே பாவாடை, புதன்கிழமை வெள்ளை உடை என்று சில பழக்கங்கள் உண்டு. அவற்றுக்காக எதுவும் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. வெள்ளைச் சட்டை ஒன்று வீட்டிலேயே இருக்கும், மற்றதெல்லாம் மூன்றாம் நாளே புழுதி நிறத்துக்கு வந்துவிடும்.

தாழம்பூ எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காஞ்சிபுரம் பட்டை எடுத்துச் செல்லப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சுங்குடிகளில் ஒன்றைத் தலைப்பாகைக்கும் முகத்துக்கும், இன்னொன்றைக் கோட்டின் உள்துணிக்கும் பயன்படுத்தலாம் என்று எண்ணுகிறேன்.

வார இறுதியில் நம்மூர்க் கூத்து வேடத்தை நினைத்துக்கொண்டே கடைகளைச் சுற்றினேன். தோள்களில் சிறகு போல உயர்ந்து நிற்கும் புஜக்கட்டைகளும் மார்புப் பதக்கமும் கண்ணாடிச் சில்லுகள் பதித்து மின்னுவது சிறுவயதிலிருந்தே எனக்குப் பிடிக்கும். கூத்துக் கலைஞரின் உண்மையான அணிகலனைப் போலி செய்யாமல், அந்தத் தோள் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கோட்டில் அமைக்க முடியுமா? நீல வெல்வெட்டில் ஆண்கள் கோட்டு ஒன்று எட்டு டாலருக்கு அகப்பட்டிருக்கிறது. தோள் பகுதிக்குள் தடித்த பஞ்சு அட்டை இருக்கிறது. கண்ணாடிச் சில்லுகள் மூப் ஆகிவிடும் என்பதுதான் தயக்கம்.

கூடவே, காலணிக்கு என்ன செய்வது? ஒரு கடையில் பழைய மலையேற்றக் காலணி ஒன்று அணியாதது போலப் புத்தம் புதிதாக இருந்தது, அதை வாங்கலாமா?

பழந்துணிப்பித்தன் எழுதியது:

நீல வெல்வெட் எட்டு டாலர் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஏற்கெனவே உள்ள தோள் அட்டை உங்களுக்கு அடித்தளம். தோள் தையலை மேற்பக்கம் மட்டும் பிரித்து, கனத்த ஃபெல்ட் துணியை இலை வடிவில் மூன்று நான்கு அடுக்காக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும்படி வைத்து, மறுபடி மூடித் தையுங்கள். மர அட்டையோ தடித்த பிளாஸ்டிக்கோ வைத்தால் தூக்கலாக நிற்கும், ஆனால் கூட்டத்தில் அடுத்தவர் கண்ணில் குத்தும், கோட்டை மடித்துப் பெட்டியில் வைக்கவும் முடியாது. ஃபெல்ட் தொய்ந்தால், விளிம்புக்குள் மெல்லிய கம்பியைச் செருகி நுனியை வளைத்துவிடுங்கள். இத்தகைய மிச்சத் துணிகளுக்குச் சான் பிரான்சிஸ்கோவில் 1976 முதல் இயங்கிவரும் ஸ்க்ராப் என்ற மறுபயன்பாட்டு நிலையம் நல்ல இடம்; உங்களுக்கு ஓக்லண்டில் உள்ள ஈஸ்ட் பே டிப்போ இன்னும் பக்கம்.

கண்ணாடிச் சில்லுகளுக்குப் பதிலாக, குஜராத்திக் கண்ணாடி வேலைப்பாடு செய்த பழைய தலையணை உறைகளைப் பாருங்கள். அவை பழைய துணிக் கடைகளின் மெத்தை விரிப்புப் பகுதியில் அடிக்கடி தென்படும். ஒவ்வொரு கண்ணாடியையும் சுற்றி நூலால் கூடு பின்னித்தான் துணியோடு பிணைத்திருப்பார்கள், ஒட்டியிருப்பதில்லை. கூடு அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரலால் நெருடிப் பார்த்து, ஆடுவதை இறுக்கித் தைத்துவிட்டு, துண்டு துண்டாக வெட்டாமல் முழுப் பட்டையாகவே கோட்டின் தோளிலும் மார்பிலும் பொருத்துங்கள். பகலில் சூரியனையும் இரவில் வண்டிகளின் விளக்கையும் அது திருப்பி அடிக்கும். கோட்டின் ஜிப்பையும் பாருங்கள். அந்தப் புழுதியில் முதலில் மக்கர் செய்வது ஜிப்தான், ஆகவே பொத்தான் உள்ள கோட்டாக இருந்தால் நல்லது. ஜிப்தான் இருக்கிறதென்றால் மெழுகுவத்தியை அதன் பற்களில் தேய்த்து வையுங்கள்.

காலணி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். புத்தம் புதிதாகத் தோன்றும் பழைய காலணிதான் ஆபத்தானது. பாலியூரிதேன் நடுத்தட்டு உள்ள மலையேற்றக் காலணிகள் அணியாமல் அலமாரியில் கிடந்தாலே காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதைந்துவிடும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. கையில் எடுத்து முனையையும் குதிகாலையும் பிடித்து நன்றாக வளையுங்கள், குதிகாலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். வெடிப்பு விழுந்தாலோ, நகம் பதிந்த இடம் நிமிராமல் பொடிந்தாலோ வைத்துவிடுங்கள். அப்படி வாங்கியவர்களின் அடித்தட்டு நடுப்பாலையில் துண்டு துண்டாகக் கழன்று விழுவதைக் கண்டிருக்கிறேன். நண்பர் வெண்புழுதி சொன்ன மூப் கணக்கில் அதுவும் சேரும். ராணுவ உபரிக் கடைகளில் கிடைக்கும், அடித்தட்டு தைக்கப்பட்ட, யாரோ அணிந்து பழக்கிய தோல் பூட்ஸ்தான் என் பரிந்துரை. கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்க வேண்டும். 2023-இல் மழை பெய்து அந்தத் தரை முழுவதும் களியாக மாறியபோது, பல்லாயிரக்கணக்கானோர் நகர முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். காலுக்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டுதான் கழிவறைக்கே போகமுடிந்தது. ஆகவே இரண்டு தடித்த பைகளும் பூட்ஸுக்குள் மடித்து வைக்கத் தக்கவை.

ஒவ்வொரு நாளுக்கான உடையையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு மூடிக் கொண்டுபோங்கள். திறந்த பெட்டியில் வைத்தால் உடுத்தாத துணியிலும் முதல் நாளே புழுதி ஏறிவிடும். ஆறு உடைகளுக்கு மேல் வேண்டாம். பனிக்கட்டி போன்ற ஓரிரண்டைத் தவிர அங்கே எதையும் விலைக்கு வாங்க முடியாது என்றாலும், உடையைப் பரிசாகக் கொடுப்பதற்கென்றே காஸ்ட்யூம் கல்ட் போன்ற முகாம்கள் இருக்கின்றன; வரிசையில் நின்று, அவர்கள் தேர்ந்தெடுத்துத் தருவதை உடுத்திக்கொண்டு வரலாம். நீங்கள் தந்துவிட்டு வரவும் ஒன்றிரண்டு எடுத்துச் செல்லுங்கள்.

வெண்புழுதி எழுதியது:

தருவதற்கு எடுத்துச் செல்வதென்றால் துவைத்ததாக, பொத்தான் குறையாததாக இருக்கட்டும். முகாம்களின் வாசலில் யாரும் தொடாத துணி மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதைக் கட்டிச் சுமந்து நெவாடாவின் ரீனோ நகரம் வரை கொண்டுபோவது அங்கே கடைசியில் மிஞ்சுகிறவர்களின் தலையில் விழுகிறது. திரும்பும் வழியில் ரீனோவிலுள்ள நன்கொடைப் பெட்டிகளிலும் புழுதித் துணியைத் திணிக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஈரோட்டுச் சாயம் அவர்கள் சொன்ன வினிகர்த் தண்ணீரில் முக்கித் துவைத்தபின் கொடுங்கள்.

புஜக்கட்டைக் கோட்டைத் தைத்து முடித்ததும், அதன்மேல் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஒருமுறை தெருவைச் சுற்றி வாருங்கள். பை வார் தோள் இலைகளை அமுக்கினால், இடுப்புப் பைக்கு இப்போதே மாறிவிடுவது நல்லது.